விரல் காயம்: வீட்டில் பார்க்கும்போது எதற்குப் பிறகு எது

கிளிநொச்சி மாவட்டத்துப் பரந்தன் பக்கத்தில் உழவு இயந்திரம் திருத்தும் ஒரு பட்டறையில் பல வருடமாக முதலுதவிப் பெட்டி என் பொறுப்பில் இருக்கிறது. நான் வைத்தியர் அல்ல. முதலுதவிப் பயிற்சி இரண்டு தடவை எடுத்தவன், அவ்வளவுதான். ஆனால் வேலை பழக வருகிற பொடியள் பெரும்பாலும் முதல் மாதத்துக்குள்ளேயே விரலில் ஏதாவது ஒன்றை வாங்கிக்கொள்வார்கள். வீடுகளிலும் அப்படித்தான். திருவலை, மீன்முள், கதவு இடுக்கு, கருக்குமட்டை என்று காரணம் மட்டும் மாறும்.

பிழை மாறாது. காயம் பட்டதும் எல்லோரும் கேட்பது, "என்ன போடுறது?" போடுவது கடைசி வேலை. முதலில் அழுத்த வேண்டும், பிறகு கழுவ வேண்டும், பிறகு பார்க்க வேண்டும். பார்த்த பிறகுதான் அது வீட்டுக் காயமா, ஆஸ்பத்திரிக் காயமா என்று தெரியும். எங்கள் உட்கிராமங்களில் பின்னேரம் போனால் பஸ் இல்லை. இருட்டினால் சில பாதைகளில் யானை நிற்கும். அதனால் அந்த முடிவு அரை மணித்தியாலத்துக்குள் எடுபட வேண்டும்.

1. காயம் வருமுன் பெட்டியில் இருக்க வேண்டியவை

தனித்தனியாகப் பொதி செய்த காஸ் (காயம் மூடும் வலைத்துணி) துண்டுகள், ஒட்டும் பிளாஸ்டர், கடதாசி ஒட்டுநாடா, சின்னக் கத்தரிக்கோல், கூர்முனைச் சாமணம், சிறிய வாசலின், பெனடோல் (பரசிற்றமோல்) ஒரு அட்டை, ஒரு ரோச். சவர்க்காரமும் சுத்தமான தண்ணீரும் எப்படியும் வீட்டில் இருக்கும். இவ்வளவு போதும்.

பஞ்சு வாங்க வேண்டாம். அதன் நார் காயத்தில் ஒட்டிக்கொள்ளும், பிறகு எடுக்க முடியாது. வீட்டில் பஞ்சு மட்டும்தான் இருக்கிறது என்றால் அதை விட, துவைத்து வெயிலில் நன்றாகக் காயவைத்த பழைய பருத்திச் சீலைத்துண்டு மேல்.

பெட்டி மூடியின் உட்பக்கத்தில் வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் கடைசியாக ஏற்பு ஊசி (ரெற்றனஸ் தடுப்பூசி) போட்ட வருடத்தை எழுதி ஒட்டுங்கள். இது சின்ன வேலைதான். ஆனால் காயம் பட்ட நேரத்தில் யாருக்கும் அந்த வருடம் நினைவுக்கு வராது. நான் கேட்ட எல்லோரும் சொன்னது "போட்டதுதான்" என்பதே. எப்போது என்று தெரியாது.

2. முதல் நிமிடம்: மோதிரம், கை உயரம்

காயம் எந்த விரலில் என்றாலும் அந்தக் கையிலுள்ள மோதிரத்தை முதலில் கழற்றுங்கள். விரல் சில நிமிடங்களிலேயே வீங்கத் தொடங்கிவிடும். வீங்கிய விரலில் மோதிரம் ஒரு கட்டுக்கயிறு மாதிரி. இரத்தம் ஓடாமல் தடுக்கும். சவர்க்கார நுரை அல்லது தேங்காய் எண்ணெய் பூசிச் சுழற்றி எடுக்கலாம். வரவில்லை என்றால் இழுத்துச் சண்டை பிடிக்காமல் ஆஸ்பத்திரியில் வெட்டி எடுக்க விடுங்கள். கல்யாண மோதிரம் என்று தயங்கி விரலைக் கறுக்க விட்ட ஒருவரை எனக்குத் தெரியும்.

பிறகு ஆளை உட்கார வையுங்கள். கை இருதய மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். நல்ல பலசாலிகள்கூட சொந்த இரத்தத்தைக் கண்டு மயங்கி விழுவார்கள். நின்ற நிலையில் விழுந்தால் விரல் காயத்தோடு தலைக் காயமும் சேரும்.

விரலை வாயில் வைக்க வேண்டாம். கை தானாக அப்படித்தான் போகும், ஆனால் வாய்க்குள் இருக்கிற கிருமிகள் காயத்துக்கு மோசமானவை.

3. அழுத்துவது: பத்து நிமிடம் என்றால் பத்து நிமிடம்

காஸ் அல்லது சுத்தச் சீலையை மடித்துக் காயத்தின் மேல் வைத்து, மற்றக் கையால் இறுக்கமாகப் பிடியுங்கள். மணிக்கூட்டைப் பார்த்துப் பத்து நிமிடம். இடையில் திறந்து பார்க்கக் கூடாது. இரத்தம் உறைவது ஒரு மெல்லிய வலை பின்னுவது போன்றது. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் அந்த வலை கிழிந்து வேலை முதலில் இருந்து தொடங்கும். புதியவர்கள் ஒரு நிமிடத்துக்கு ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிட்டு "நிக்குதில்லை அண்ணை" என்பார்கள். நிற்க விட்டால்தானே.

சீலை நனைந்தால் அதை எடுக்காமல் மேலே இன்னொன்றை வைத்து அழுத்துங்கள். பத்து நிமிடத்துக்குப் பிறகும் ஓடினால் இன்னொரு பத்து நிமிடம். அதற்கும் நிற்காவிட்டால், அல்லது துடிப்போடு பீறிட்டால், அழுத்தியபடியே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இருதய வருத்தத்துக்கு அஸ்பிரின், வார்பரின் போன்ற இரத்தம் இளக்கும் குளிசை எடுப்பவர்களுக்கு இன்னும் கொஞ்ச நேரம் எடுக்கும்.

விரலடியில் நூல், றப்பர் பாண்ட், சைக்கிள் ரியூப் எதையும் இறுக்கிக் கட்ட வேண்டாம். விரலுக்கு இரத்தம் கொண்டுபோவது இரு பக்கமும் ஓடுகிற இரண்டு மெல்லிய குழாய்கள்தான். அவற்றின் பக்கத்திலேயே உணர்வு நரம்பும் போகிறது. கட்டை மறந்துவிட்டால் காயம் ஆறும், விரல் போய்விடும்.

சின்னக் கீறல் என்றால் இந்தப் படியே தேவையில்லை. நேரே கழுவலாம்.

4. கழுவுவது: மருந்து இதுதான்

முதலில் கழுவுகிறவரின் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். பிறகு காயத்தின் மேல் தண்ணீரைத் தொடர்ந்து ஓடவிடுங்கள், ஐந்து நிமிடமாவது. குழாய் இல்லையா, ஒரு ஆள் செம்பால் ஊற்ற மற்றவர் விரலைப் பிடிக்கலாம். குடிக்கிற தண்ணீர் எதுவோ அது காயத்துக்கும் நல்லது. சந்தேகம் என்றால் கொதிக்கவைத்து ஆறிய நீர். குளத்துத் தண்ணீரும் வாய்க்கால் தண்ணீரும் வேண்டாம். வயலில் நிற்கும்போது வெட்டு விழுந்தால் பக்கத்து வாய்க்காலில் அலம்பிவிட்டுத் தொடர்ந்து வேலை செய்வதுதான் எங்கள் ஆட்களின் வழக்கம். அது கழுவியதாகக் கணக்கில் வராது.

சவர்க்காரத்தை காயத்தைச் சுற்றியுள்ள தோலுக்குப் போடுங்கள். உள்ளே கொஞ்சம் போனால் எரியும், ஆபத்தில்லை. பட்டறைக் கையில் கிறீஸ் இருந்தால் சுற்றுத்தோலில் தேங்காய் எண்ணெய் பூசித் துடைத்துவிட்டுச் சவர்க்காரம் போடலாம். பெற்றோலாலும் மண்ணெண்ணெயாலும் கழுவுகிறவர்கள் இருக்கிறார்கள். அவை தசையை எரித்துக் கெடுக்கும்.

டெற்றோல், ஸ்பிரிட் பற்றி எல்லோரும் கேட்பார்கள். கிருமியைக் கொல்வது உண்மை. கூடவே ஆறுவதற்காக உருவாகிற புதிய தோலையும் கெடுக்கும். ஓடுகிற தண்ணீர் கிருமியையும் மண்ணையும் சேர்த்து அடித்துக்கொண்டு போகிறது. மண் உள்ளே இருக்க மேலே எந்த மருந்து போட்டும் பயனில்லை. கண்ணுக்குத் தெரிகிற மண் துணிக்கையைக் கொதிநீரில் போட்டெடுத்த சாமணத்தால் எடுக்கலாம். எடுக்க வராதது ஆஸ்பத்திரி வேலை.

இப்போது போடக் கூடாதவை: கோப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு, சீனி, புகையிலை, சிலந்தி வலை, அன்ரிபயோற்றிக் கப்சூலை உடைத்துக் கொட்டிய தூள். கிணற்றடிப்பூண்டை வெட்டுக்காயப்பூண்டு என்று சும்மா சொல்லவில்லை, எங்கள் அம்மம்மா அதைக் கசக்கித்தான் விடுவா. நான் அந்தப் பூண்டோடு வழக்காட வரவில்லை. அது முளைக்கிற இடம் ஆடு மாடு நடக்கிற கிணற்றடி மண் என்பதுதான் என் தயக்கம். கோப்பித்தூளில் இன்னொரு கெடுதல் உண்டு: அது காயத்தை மறைத்துவிடும். ஒரு பொடியன் கத்தி வெட்டில் கோப்பித்தூளை அப்பிக்கொண்டு இரண்டு நாள் வேலை செய்தான். "நோ குறைஞ்சிட்டுது அண்ணை" என்றான். மூன்றாம் நாள் விரல் நுனி மடங்கவில்லை. உள்ளே விரலை மடக்க இழுக்கிற தசைநாண் அரைவாசி வெட்டுப்பட்டு இருந்திருக்கிறது. பிறகு வேலையில் மிச்சமும் அறுந்துவிட்டது. முதல் நாளே அடுத்த படியைச் செய்திருந்தால் தெரிந்திருக்கும்.

5. பார்ப்பது: வீடா, ஆஸ்பத்திரியா

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். நல்ல வெளிச்சத்தில், ரோச் பிடித்து, ஐந்து விடயம் பார்க்க வேண்டும்.

முதலாவது உணர்வு. ஆளைக் கண்மூடச் சொல்லி, கடதாசி நுனியால் விரல் நுனியின் இடப்பக்கமும் வலப்பக்கமும் மெல்லத் தொடுங்கள். மற்றக் கையின் அதே விரலோடு ஒப்பிடச் சொல்லுங்கள். ஒரு பக்கம் மரத்துப்போனது போல இருந்தால் அந்தப் பக்க நரம்பு வெட்டுப்பட்டிருக்கலாம். கண் திறந்திருந்தால் தொடுவதைப் பார்த்தே "தெரியுது" என்பார்கள், அதனால் கண் மூடியே இருக்க வேண்டும்.

இரண்டாவது அசைவு. விரலை முழுதாக மடக்கினால் போதாது. நடுக்கணுவை நீங்கள் அசையாமல் பிடித்துக்கொண்டு நுனியை மட்டும் மடக்கச் சொல்லுங்கள். பிறகு நிமிர்த்தச் சொல்லுங்கள். அடுத்து உங்கள் விரலால் லேசாக எதிர்த்துக்கொண்டே மடக்கவும் நிமிர்த்தவும் சொல்லுங்கள். மடங்குகிறது, ஆனால் எதிர்ப்புக் கொடுத்தால் சுள்ளென்று வலிக்கிறது அல்லது பலம் இல்லை என்றால் நாண் பாதி அறுந்த அறிகுறி. மேலே சொன்ன பொடியனுக்கு நடந்தது இதுதான்.

மூன்றாவது நிறம். நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த நகம் இரண்டு செக்கனுக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். வராவிட்டால், நுனி வெளுத்தோ நீலமாகவோ குளிர்ந்தோ இருந்தால் இரத்த ஓட்டத்தில் கோளாறு.

நான்காவது ஆழம். காயத்தின் இரு ஓரமும் தானாகச் சேர்ந்து நிற்கிறதா, வாய் பிளந்து நிற்கிறதா? உள்ளே மஞ்சள் கொழுப்போ வெள்ளை நாரோ எலும்போ தெரிந்தால் தையல் வேண்டும். கணுவுக்கு மேலுள்ள வெட்டு சின்னதாக இருந்தாலும் மடக்கும்போதெல்லாம் திறக்கும், அதையும் காட்டுங்கள்.

ஐந்தாவது, உள்ளே ஏதாவது மிச்சம் இருக்கிறதா. கண்ணாடி, முள், இரும்புத் தும்பு.

இவற்றில் ஒன்று பிழையாக இருந்தாலும் சுத்தமான காஸைச் சுற்றிக்கொண்டு அன்றே புறப்படுங்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆஸ்பத்திரிகள், மாங்குளம் ஆதார வைத்தியசாலை, எது கிட்டவோ அங்கே. தைக்கிற காயம் கெதியாகப் போனால்தான் தைக்கலாம். மறுநாள் வரை வைத்திருந்தால் கிருமி உள்ளே போய்விட்டது என்று தைக்காமல் திறந்தே விடுவார்கள், ஆற நாள் எடுக்கும். வாகனம் இல்லாவிட்டால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ். பெரிய காயத்துக்குத்தான் அது என்று வெட்கப்பட்டு நிற்காதீர்கள். ஆனால் சின்னக் கீறலுக்கு அழைத்து இன்னொருவரின் உயிரோடு விளையாடவும் வேண்டாம்.

6. பார்க்கவே தேவையில்லாமல் உடனே போக வேண்டியவை

நாய், பூனை, குரங்கு கடி அல்லது பிறாண்டல். சவர்க்காரமும் ஓடுகிற தண்ணீரும் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரி. விசர்நாய்க்கடி நோய் வெளிப்பட்ட பிறகு காப்பாற்ற வழியில்லை. வருமுன் ஊசி போட்டால் வராது. வீட்டு நாய்தானே என்று விட வேண்டாம்.

நெல்லுச் சூட்டுக் கட்டையோ வைக்கோலோ அள்ளும்போது "ஏதோ குத்திச்சுது" என்றால், குத்தியது எது என்று காணும்வரை அது பாம்பு. கண்ணாடிவிரியன் போன்றவை கடித்தால் வீங்கும். கட்டுவிரியன் கடி சிலசமயம் வலியே இல்லாமல் சின்னப் புள்ளியாக இருக்கும். மோதிரத்தைக் கழற்றி, கையை ஆட்டாமல் வைத்து, நேரே ஆஸ்பத்திரி. கீறவும் உறிஞ்சவும் கட்டவும் வேண்டாம். கழுவிப் பார்த்துக்கொண்டு நேரத்தைப் போக்குவதும் வேண்டாம்.

டீசல் இஞ்செக்டர், கிறீஸ் கன் (கிறீஸ் அடிக்கும் கருவி), ஹைட்ரோலிக் குழாய் ஆகியவற்றில் இருந்து பீறிட்ட எண்ணெய் விரலில் பட்டால் ஊசி குத்திய மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் இராது. எண்ணெய் தோலுக்குள் விரல் நீளத்துக்கும் ஓடியிருக்கும். அது சத்திரசிகிச்சைக் காயம், மணித்தியாலக் கணக்கில் விரல் கெடும். உழவு இயந்திரம் வைத்திருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும், ஆனால் எங்கள் பட்டறையிலேயே பாதிப்பேருக்குத் தெரியாது.

நுனி துண்டாகிவிட்டால் துண்டை அலம்பி, ஈரக் காஸில் சுற்றி, பொலித்தீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, அந்தப் பையை ஐஸ் போட்ட தண்ணீரில் வையுங்கள். துண்டு ஐஸில் நேரே தொடக் கூடாது, உறைந்தால் பொருத்த முடியாது.

இங்கே மட்டும் சொல்ல வேண்டிய ஒன்று. காணி கொத்தும்போது மண்ணுக்குள் இருந்த இரும்பு விரலைக் கிழித்தது என்றால், அந்த இரும்பை மறுபடி தேடிக் கிளற வேண்டாம், அது போர்க்காலத்தில் வெடிக்காமல் கிடந்த வெடிபொருளாக இருக்கலாம். இடத்துக்கு அடையாளம் வைத்துவிட்டு விலகி, 119 இல் பொலிசுக்குச் சொல்லுங்கள். விரலைப் பார்ப்பது அதற்குப் பிறகு.

7. மூடுவது

வீட்டுக் காயம் என்று முடிவானால் தண்ணீரை ஒற்றி எடுத்து, வாசலின் மெல்லிசாகப் பூசி, மேலே காஸ். வாசலின் எதற்கு என்றால், காய்ந்து பொருக்குக் கட்டிய காயத்தை விட ஈரப்பதமாக இருக்கும் காயம் கெதியாக ஆறும், காஸும் ஒட்டாது. "காத்துப் பட விடு" என்ற அறிவுரையை நானும் கனகாலம் நம்பினேன், பொடியளுக்கும் சொல்லிக் கொடுத்தேன். அது பிழை.

ஒட்டுநாடாவை வளையமாகச் சுற்றி மூட வேண்டாம். விரல் வீங்கும்போது நாடா வீங்காது. சாய்வாக, படிக்கட்டுப் போலச் சுற்றுங்கள். நகம் வெளியே தெரியட்டும், நிறம் பார்க்க அதுதான் ஜன்னல்.

விரல் நுனிக்கும் கணுவுக்கும் சாதாரண பிளாஸ்டர் நிற்காது. பிளாஸ்டரின் இரண்டு முனையையும் நடுவே பஞ்சுத்துண்டு வரை நீளமாகக் கத்தரியுங்கள், நாலு கால் வரும். மேல் இரண்டு காலைக் கீழ்நோக்கியும் கீழ் இரண்டை மேல்நோக்கியும் குறுக்காக ஒட்டினால் கணு மடங்கினாலும் கழராது.

சுப்பர் குளூ ஊற்றி ஒட்டுகிறவர்களும் உண்டு. மண்ணையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

8. ஏற்பு ஊசி

குழந்தைக்கு 2, 4, 6 மாதங்களிலும் 18 மாதத்திலும் 5 வயதிலும், பிறகு பள்ளிக்கூடத்திலும் போடுகிற தடுப்பூசிகளில் ஏற்புவலித் தடுப்பும் இருக்கிறது. தாய்மாருக்குக் கர்ப்ப காலத்தில் போடுவார்கள். ஆம்பிளைகள்தான் பள்ளிக்கூடத்தோடு நின்றுபோனவர்கள். இடம்பெயர்வுக் காலத்தில் வளர்ந்த பலருக்குப் பதிவு அட்டையும் இல்லை.

சுத்தமான சின்ன வெட்டு என்றால் கடைசி ஊசிக்குப் பத்து வருடம் தாண்டியிருந்தால் போட வேண்டும். மண், சாணி, ஆழமான குத்து என்றால் ஐந்து வருடம். தெரியாது என்றால் போடவில்லை என்றே கணக்கு. கறள் பிடித்த ஆணிதான் ஆபத்து என்பது பாதி உண்மை. கிருமி கறளில் இல்லை, மண்ணிலும் சாணியிலும் இருக்கிறது. கறள் இல்லாத முள்ளும் அதே வேலையைச் செய்யும். காயம் சின்னது என்பதும் காரணமாகாது.

9. அடுத்த ஒரு கிழமை

கட்டை நாளுக்கு ஒரு தடவை, நனைந்தால் அப்போதே மாற்றுங்கள். ஒட்டிக்கொண்டால் இழுக்காமல் தண்ணீர் விட்டு ஊறவைத்து எடுங்கள். வலிக்கு வளர்ந்தவர்களுக்கு 500 மில்லிகிராம் பெனடோல் ஒன்று அல்லது இரண்டு, நாலு முதல் ஆறு மணித்தியால இடைவெளியில், 24 மணித்தியாலத்துக்குள் எட்டுக்கு மேல் போகாமல். காய்ச்சலும் சேர்ந்து வந்தால் வேறு நோக்குளிசை எதுவும் எடுக்க வேண்டாம். மழைக்காலத்தில் அது டெங்குவாக இருக்கலாம்.

வயலுக்குள் இறங்காதீர்கள். எலிக்காய்ச்சல் கிருமி எலியின் சலத்தோடு சேற்றில் கலந்து, இப்படிப்பட்ட வெடிப்பு வழியாகத்தான் உடம்புக்குள் போகிறது. காலபோக நேரம் சும்மா இருக்க முடியாதுதான், அதனால் கை படாத வேலையை எடுங்கள். றப்பர் கையுறை போட்டால் சரியாகாதா என்பார்கள். அதற்குள் தண்ணீர் போய்விட்டால் விரல் நாள் முழுக்கச் சேற்றில் ஊறும். மருந்தடிக்கக் கலக்குவதும் வேண்டாம். வெட்டுள்ள தோல் பூச்சிமருந்தைக் கூடுதலாக உறிஞ்சும். காயத்துக்குப் பிறகு இரண்டு மூன்று கிழமைக்குள் காய்ச்சலும் தசைநோவும் வந்தால், வைத்தியரிடம் வயல் வேலையையும் விரல் காயத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சமைக்கிறவர் சீழ் பிடித்த விரலோடு உணவைத் தொடக் கூடாது. அந்தச் சீழிலுள்ள கிருமி சாப்பாட்டில் நஞ்சாகி வீட்டுக்கே வாந்தி கொடுக்கும்.

ஒவ்வொரு நாளும் பாருங்கள். முதல் இரண்டு நாள் ஓரம் கொஞ்சம் சிவப்பது வழமை. சிவப்பு பரவினால், சீழ் வந்தால், துடிக்கிற நோவில் நித்திரை வராவிட்டால், கையில் சிவப்புக் கோடு ஏறினால், கக்கத்தில் நெறி கட்டினால் காத்திருக்க வேண்டாம். விரல் முழுக்க ஒரே சீராக வீங்கி, அரைவாசி மடங்கி நின்று, நிமிர்த்தினால் உயிர் போகிற வலி என்றால் நாண் உறைக்குள் சீழ். அன்றிரவே போக வேண்டும், யானை நிற்கிற பாதை என்றாலும் வாகனம் பிடித்து. சலரோகம் உள்ளவர்கள் இந்தப் பட்டியலில் பாதி தெரிந்தாலே போங்கள். அவர்களுக்கு நோ குறைவாகத் தெரியும், கேடு கூடுதலாக இருக்கும்.

10. வெட்டு அல்லாத காயங்கள்

*நசுங்கிய விரல்.* கதவு, சுத்தியல், ரெயிலர் கொழுக்கி. ஐஸைத் துவாயில் சுற்றிப் பத்து நிமிடம், கை உயரத்தில். நகத்துக்குள் இரத்தம் கட்டித் துடித்தால் அன்றோ மறுநாளோ ஆஸ்பத்திரியில் நகத்தில் சின்னத் துளை போட்டு விடுவார்கள், நோ அப்படியே இறங்கும். என் பெருவிரலில் ஊசியைச் சூடாக்கி நானே அதைச் செய்து, கிருமி பிடித்து, இரண்டு கிழமை வேலை போனது. நகம் தொங்கினால் பிடுங்காமல் இருந்த இடத்திலேயே வைத்துச் சுற்றிக்கொண்டு போங்கள். கீழே உள்ள படுக்கைக்கு அதுதான் நல்ல மூடி. புது நகம் மாதம் ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் வளரும், முழுதாக வர ஆறு மாதம்.

*முள்ளும் சிராயும்.* தண்ணீரில் ஊறவைக்க வேண்டாம், மரம் ஊதி உடையும். கழுவி, சாமணத்தால் உள்ளே போன சாய்விலேயே வெளியே இழுங்கள். கணுவுக்குள் இறங்கிய உடைமர முள்ளையும் பனங்கருக்கையும் தோண்டாதீர்கள். மரச்சிராய் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது, அதனால் "மரம்" என்று வாயால் சொல்ல வேண்டும்.

*மீன்முள்.* கெளிறு, திருக்கை போன்றவை குத்தினால் விசம் உண்டு. அது சூட்டில் சிதையும். பொறுக்கக்கூடிய வெந்நீரில் விரலை அரை மணித்தியாலம் முதல் ஒன்றரை மணித்தியாலம் வரை வையுங்கள். சூட்டைக் குத்துப்படாத கையால் பார்க்க வேண்டும். குத்துப்பட்ட கைக்குச் சூடு சரியாகத் தெரியாமல் வெந்துவிடும். முள் முறிந்து உள்ளே நின்றால் ஆஸ்பத்திரி.

*சூடு.* ஓடுகிற குளிர்ந்த தண்ணீரில் இருபது நிமிடம். கிணற்று வாளியும் செம்பும் போதும். ஐஸ், பற்பசை, நெய், முட்டை எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள், அதன் தோல்தான் கட்டு. கரண்ட் சூடு வெளியே சின்னதாகத் தெரிந்தாலும் ஆஸ்பத்திரி.

*நகச்சுற்று.* இளஞ்சூட்டு நீரில் பதினைந்து நிமிடம், நாளுக்கு மூன்று நாலு தடவை. தேசிக்காயைக் குடைந்து மாட்டுவது எல்லோரும் செய்வது. தோல் திறந்திருந்தால் புளி எரித்து ஊறவைத்துக் கெடுக்கும். சீழ் திரண்டால் குத்தாமல் காட்டுங்கள்.

*கரப்பந்து பட்ட விரல்.* யாரும் இழுத்துச் சொடுக்க விடாதீர்கள். எலும்பு வெடித்திருந்தால் இழுப்பு அதை இடம் மாற்றும். விரல் கோணி நின்றால், நுனி தொங்கி நிமிராவிட்டால் எக்ஸ்ரே. இரண்டும் இல்லை, மடங்கி நிமிர்கிறது, வீக்கம் மட்டும்தான் என்றால் பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டுங்கள், இடையில் காஸ் வைத்து. இல்லாவிட்டால் வியர்வையில் தோல் அவிந்துபோகும்.

11. கட்டை விடும் நேரம்

ஓரங்கள் ஒட்டி, கசிவு நின்று, தொட்டால் நோகாவிட்டால் பகலில் திறந்து விடலாம். அழுக்கு வேலைக்கு மட்டும் மூடுங்கள். தைத்த காயமோ எலும்புக் காயமோ இல்லையென்றால் இரண்டாம் மூன்றாம் நாளிலிருந்தே விரலை மெல்ல மடக்கி நிமிர்த்தத் தொடங்க வேண்டும், நாளுக்கு நாலைந்து தடவை, பத்துப் பத்தாக. பயத்தில் மூன்று கிழமை அசைக்காமல் வைத்த விரல் காயம் ஆறிய பிறகும் கட்டையாக நிற்கும். அதைப் பிறகு மடக்க எடுக்கிற காலம், காயம் ஆற எடுத்த காலத்தை விட நீளம்.